வளையத்தில் எதை வைப்பது: ஒரு சிறு கேமராவின் மெனுவைத் திருத்தியமைத்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரியவர் பூதப்பாண்டிப் பக்கத்தில் வசிக்கும், நில அளவைத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற, அறுபத்தாறு வயதுக்காரர். நாஞ்சில் நாட்டு வழக்கப்படி நான் அவரை அண்ணாச்சி என்று அழைப்பதால் இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். நாகர்கோவிலில் ஒரு சிறு ஸ்டுடியோ நடத்திய காலத்தில் அவருடைய ஃபிலிம் சுருள்களைக் கழுவிக் கொடுத்தவன் என்பதே எனக்கும் அவருக்குமான பழக்கம். மஸ்கட்டில் வேலை பார்க்கும் அவருடைய மகன் சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் ஏழாம் மாடலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இருபது நாள் விடுப்பு முடிந்து திரும்பிவிட்டார். பெட்டியையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தபோது ஆனி மாதம் முடியும் தறுவாயில் இருந்தது. ஆனி முதல் ஐப்பசி வரையிலான அந்தப் பழக்கக் காலத்தில் எந்த அமைப்பை எங்கே வைத்தோம், அதில் எவை தவறின, தவறியதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை, என் பிழைகளையும் சேர்த்தே, எழுதி வைக்கிறேன்.

அவருடைய தேவை தெளிவானது. மாவட்டத்துக் குளங்களை, குறிப்பாகத் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் உள்ளவற்றை, மாதம் ஒரு முறை ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து வைக்க வேண்டும் என்று விரும்பினார். இங்கத்திய இரு நெற்பருவங்களான கன்னிப்பூ அறுவடைக்கும் கும்பப்பூ நடவுக்கும் இடையில் கரை, மடை, மிகுநீர் வழியும் மறுகால் ஆகியவை எப்படி மாறுகின்றன என்ற பதிவு எந்தக் கோப்பிலும் படமாக இல்லை என்பது பணிக்காலத்திலிருந்தே அவருக்கு இருந்துவந்த குறை. இரண்டாவதாகத் தோவாளைப் பூச்சந்தை. மூன்றாவதாக, பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகப் பத்மநாபபுரம் அரண்மனையின் மர வேலைப்பாடு. இந்த மூன்றும் ஒளியின் கணக்கில் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறானவை என்பதை முதலிலேயே கவனித்தேன். அந்தக் கவனிப்புதான் பின்னால் என்னைத் தவறான வழியில் கொண்டுபோயிற்று.

கருவியைப் பற்றி, இந்த நிகழ்வுக்கு வேண்டிய அளவு மட்டும் சொல்கிறேன். 2019-இல் வெளிவந்த இந்த மாடலின் சென்சார் ஒரு அங்குல வகையைச் சேர்ந்தது. அதாவது சுமார் 13.2 மி.மீ. நீளமும் 8.8 மி.மீ. உயரமும் கொண்டது. லென்ஸ் 24 முதல் 200 மி.மீ. வரையிலான பார்வைக்கு நிகரானது. அகலக் கோணத்தில் எஃப் 2.8 வரை திறக்கும், நீட்டினால் எஃப் 4.5-க்குக் குறுகிவிடும். எடை சுமார் 300 கிராம். மெனுவில் ஆறு பிரிவுகள் உள்ளன: கேமரா அமைப்புக்கு இரண்டு, நெட்வொர்க், ப்ளேபேக், செட்டப் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, கடைசியாக நாமே நிரப்பிக்கொள்ள வேண்டிய ‘மை மெனு’. இவை தவிர, எஃப்என் பொத்தானை அழுத்தினால் திரையின் அடியில் இரண்டு வரிசையாக வரும் பன்னிரண்டு கட்டங்கள், டயலில் எம்ஆர் என்ற இடத்தில் பதிந்து வைக்கக்கூடிய மூன்று நினைவுகள், நம் விருப்பப்படி வேலை மாற்றிக் கொடுக்கக்கூடிய பொத்தான்கள், லென்ஸைச் சுற்றியுள்ள வளையம் ஆகியவை இருக்கின்றன. மற்ற நிறுவனங்களின் கேமராக்களிலும் இதே ஏற்பாடு வேறு பெயர்களில் உண்டு. ரிக்கோவின் ஜிஆர் வரிசையில் யு1, யு2, யு3 என்று டயலிலேயே எழுதியிருப்பார்கள், கேனானிலும் ‘மை மெனு’ என்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஆகவே கீழே சொல்வதில் பெரும்பகுதி எந்தச் சிறு கேமராவுக்கும் பொருந்தும்.

முதல் நாள் நான் செய்தது, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். கேமராவை வாங்கிக்கொண்டு, என் கைக்கு எது வசதியோ அதன்படி எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தேன். எஃப்என் கட்டங்கள் பன்னிரண்டையும் நிரப்பினேன். மை மெனுவில் மூன்று பக்கங்களை உண்டாக்கினேன். மூன்று நினைவுகளுக்கும் ‘குளம்’, ‘சந்தை’, ‘அரண்மனை’ என்று பெயர் சொல்லிப் பதிந்தேன். அண்ணாச்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு வாரம் கழித்து அவர் திரும்பி வந்தபோது கேமரா முழு ஆட்டோவில் இருந்தது. “தம்பி, நீ வச்சது எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஆனா அது உனக்க வீட்டு அலமாரி. எனக்க சாமான் அதுல எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல்ல” என்றார். அன்றே செட்டப் பிரிவில் உள்ள ரீசெட் வழியாகக் கேமராவைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினோம். என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

களப்புத்தகம்

நில அளவைக்காரர்கள் சங்கிலி பிடித்து அளக்கும்போதே அளவை அந்த இடத்திலேயே களப்புத்தகத்தில் எழுதுவார்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதிய அளவுக்கு மதிப்பில்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவரச் சொன்னேன். எந்த அமைப்பையும் மாற்றாமல், லென்ஸ் திறப்பையும் ஷட்டர் வேகத்தையும் கேமராவே தேர்ந்துகொள்ளும் பி முறையில் மட்டும் மூன்று வாரம் படம் எடுக்க வேண்டும். எடுக்க நினைத்தது கிடைக்காமல் போகும் ஒவ்வொரு முறையும், இடம், நேரம், எதை எடுக்க நினைத்தார், என்ன கிடைத்தது, அதைச் சரிசெய்ய மெனுவில் எதைத் தேடினார் என்று ஒரு வரி எழுத வேண்டும். நன்றாக வந்த படங்களைப் பற்றி எழுத வேண்டியதில்லை. கேமராவின் கையேடு அது செய்யக்கூடிய எல்லாவற்றையும் சொல்லும். இந்தக் குறிப்பேடோ இவருக்கு அது செய்யாமல் விட்டதை மட்டும் சொல்லும். மெனுவைத் திருத்தியமைக்க இரண்டாவதுதான் வேண்டும் என்பது என் கருத்து.

மூன்று வாரக் குறிப்பேட்டைப் புரட்டியபோது, நான் முதல் நாள் அக்கறையாக எஃப்என் கட்டங்களில் வைத்திருந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரு முறைகூட அதில் வரவில்லை. படத்தின் தரம், அளவு, விகிதம், வண்ணப் பாணி, ஃபிளாஷ் ஆகிய எதையும் அவர் தேடவே இல்லை. மீண்டும் மீண்டும் வந்தது ஒளியைக் கூட்டுவதும் குறைப்பதும்தான். தோவாளையில் பிச்சியும் மல்லிகையும் குவிந்து கிடக்கும் இடத்தில் எடுத்த படங்கள் சாம்பல் பூத்திருந்தன. அரண்மனையில், கருங்கண்ணாடி போல் மினுங்கும் தரையை எடுத்த படங்கள் வெளிறியிருந்தன. ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளைப் பூவைக் குறைத்துக் காட்டுவதும் கறுப்புத் தரையைக் கூட்டிக் காட்டுவதும் அதன் இயல்பு. ஃபிலிம் காலத்திலேயே அண்ணாச்சி இதை அறிந்தவர்தான். பழைய கேமராவில் அதற்கென்று ஒரு சக்கரம் கண்ணெதிரே இருந்தது, இதில் எங்கே இருக்கிறது என்பது மட்டுமே அவருடைய கேள்வி.

இரண்டாவதாக அடிக்கடி வந்த புகார், ஆட்களின் அசைவால் படம் கலங்குவது. மூன்றாவது, குவியம் (ஃபோகஸ்) வேறு எதன் மீதோ விழுவது. நான்காவதை நான் எதிர்பார்க்கவில்லை: வெயிலில் மெனுவைப் படிக்க முடியவில்லை, படிக்க வேண்டுமானால் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. தேரூர்க் குளக்கரையில் நண்பகலில் நின்றால் இது புரியும். தண்ணீரிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சத்தில் திரை வெறும் கண்ணாடியாகிவிடுகிறது. சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த பிறகு அங்கே பறவை பார்க்க வருபவர்கள் நீண்ட லென்ஸும் பெரிய கேமராவுமாக நிற்கும் இடத்தில், இந்தச் சிறு பெட்டியின் திரையைச் சட்டைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு குனிந்து நிற்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இந்த நான்காவது குறைக்குத் தீர்வு மெனுவில் எதையும் மாற்றாமலே கிடைத்தது. கேமராவின் மூலையில் மடங்கி இருக்கும் வியூஃபைண்டரை எழுப்பி, அதன் பார்வைத் திருத்தத்தை அவர் கண்ணுக்கு ஏற்ப நகர்த்தி வைத்தோம். மெனு பொத்தானை அழுத்தினால் கண் வைத்திருக்கும் வியூஃபைண்டருக்குள்ளேயே மெனு தெரியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கண்ணாடி இல்லாமலே, எந்த வெயிலிலும், எழுத்துகள் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தன. மெனுவைக் கற்பிக்க உட்காருகிறவர்கள் முதலில் இதைச் செய்துவிட்டுத் தொடங்கலாம். படிக்க முடியாத பட்டியலை எவ்வளவு அழகாக அடுக்கினாலும் பயன் கிடையாது. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். திரையைத் தொட்டுக் குவியம் வைக்க முடியும் என்றாலும், இந்த மாடலின் மெனு தொடுதலுக்கு வேலை செய்யாது. அவருடைய பேத்தி கைப்பேசியைத் தட்டுவதுபோல் தட்டிப் பார்த்துவிட்டு, “தாத்தா, இது கேடாயிட்டு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

வளையத்தின் கதை

குறிப்பேட்டில் அதிக முறை வந்தது ஒளித் திருத்தம் என்பதால், அதைக் கைக்கு மிக அருகில் உள்ள இடத்தில், அதாவது லென்ஸ் வளையத்தில், வைத்தேன். காரணம் சரியாகத்தான் தோன்றியது: அதிகம் தேவைப்படுவது எளிதில் எட்ட வேண்டும். வீட்டு முற்றத்தில் நான்கு படம் எடுத்துப் பார்த்தோம். வளையத்தைத் திருப்பியதும் படம் வெளுத்தது, இருண்டது. அண்ணாச்சிக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஆடிக் காற்றில் தோவாளைக்குப் போனபோது அது கவிழ்ந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வரும் காற்று அந்தப் பருவத்தில் ஆளைத் தள்ளும். முப்பந்தல் காற்றாலைகள் ஓய்வில்லாமல் சுற்றும் மாதம் அது. காற்றுக்காகக் கேமராவைத் துணிப்பையில் வைத்து, தேவைப்படும்போது வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். இந்த வளையம் படிப்படியாக நின்று ‘கிளிக்’ என்று உணர்த்தும் வகையைச் சேர்ந்தது அல்ல, வழுவழுவென்று சுற்றக்கூடியது. பையிலிருந்து இழுக்கும் ஒவ்வொரு முறையும் விரலோ துணியோ பட்டு அது சிறிது நகர்ந்திருக்கிறது. இருட்டு விலகாத நேரம் என்பதால் திரையில் படம் இருண்டிருந்தது இயல்பாகவே தோன்றியிருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால், அன்றைய படங்களில் பெரும்பகுதி ஒன்றே முக்கால் நிறுத்தம் வரை (ஒரு நிறுத்தம் குறைந்தால் ஒளி பாதியாகும்) குறைந்து கிடந்தன. குறிப்பேட்டில் அன்றைக்கு ஒரே வரி: ‘வளையம் தானாகச் சுற்றியது.’

அன்று மாலை இதை எண்ணிப் பார்த்தபோது, ‘எது அதிகம் தேவை’ என்ற ஒரே கேள்வியை மட்டும் வைத்து நான் முடிவெடுத்தது தவறு என்று பட்டது. ‘எது தவறி நகர்ந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும்’ என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். ஒளித் திருத்தம் தவறி நகர்ந்தால், குறிப்பாக இருட்டில், தெரியாது. ஜூம் தவறி நகர்ந்தால் படத்தின் எல்லையே மாறிவிடுவதால் அடுத்த கணமே தெரிந்துவிடும். எனவே வளையத்துக்கு ஜூமைக் கொடுத்தோம். ஒளித் திருத்தத்தைத் தொழிற்சாலை வைத்த இடமான, பின்புறச் சக்கரத்தின் கீழ்ப் பக்கத்திலேயே விட்டுவிட்டோம். அந்தப் பக்கத்தில் அதற்கான குறியே அச்சிடப்பட்டிருக்கிறது. அச்சிட்ட குறிக்கு மாறாக ஒரு பொத்தானுக்கு வேலை கொடுத்தால், மறதி வரும் வயதில் இரண்டு இடத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டிவரும் என்பதையும் அப்போதுதான் யோசித்தேன்.

ஜூமை வளையத்தில் வைத்தபோது, வளையத்தின் ஜூம் முறையை ‘ஸ்டெப்’ என்று மாற்றினோம். அதற்குப் பின் அது இடையில் எங்கும் நிற்காமல் 24, 28, 35, 50, 70 எனக் குறித்த இடங்களுக்குத் தாவுகிறது. இது அளவைக்காரருக்கு உடனே பிடித்துப்போயிற்று. மாதாமாதம் ஒரே குளத்தை எடுத்து ஒப்பிட வேண்டுமானால் நின்ற இடம் மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது, பார்வைக் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் குறைத்து’ என்பது சங்கிலியைத் தளர்த்திப் பிடித்து அளப்பதற்குச் சமம் என்றார்.

பட்டை விழுந்த பூக்கள்

ஆவணியில், திருவோணத்துக்கு முந்தைய வாரம், மீண்டும் தோவாளைக்குப் போனோம். அத்தப்பூக்களத்துக்காகக் கேரளத்திலிருந்து வாங்குவோர் குவியும் நாள்கள் அவை. விடியலுக்கு முன்பே சந்தை நிரம்பிவிடும். இந்த முறை ஆட்கள் நம்மைக் கவனிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக, ஓசையே வராத எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றியிருந்தேன். குவிந்து கிடந்த கேந்திப் பூவின் மீதும் விற்பவர்களின் முகத்தின் மீதும், குறுக்கே இருட்டும் வெளிச்சமுமாகப் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுந்திருந்தன.

இதன் காரணம் விளக்கில் இருக்கிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. பழைய குழல்விளக்குகளும் பல எல்இடி விளக்குகளும் அதன் இரு மடங்காக நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்கு இது தெரியாது. எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், சில வரிகள் பிரகாசமான கணத்திலும் சில வரிகள் மங்கிய கணத்திலும் பதிவாகிவிடுகின்றன. லென்ஸுக்குள் இருக்கும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் பட்டை போய்விடும். ஆனால் வேகம் 1/250 விநாடி என்று வைத்தால், அடுத்தடுத்த படங்கள் ஒன்று பிரகாசமாகவும் ஒன்று மங்கலாகவும் வரக்கூடும். 1/100 விநாடி வைத்தால் விளக்கின் ஒரு முழு ஏற்ற இறக்கமும் அதற்குள் அடங்கிவிடுவதால் எல்லாப் படமும் சீராக வரும். சுமை தூக்கி விரைகிறவரின் கால் அந்த வேகத்தில் சற்றுக் கலங்கும். அண்ணாச்சியிடம் இரண்டையும் காட்டினேன். கால் கலங்கினால் கலங்கட்டும், பூவில் கோடு விழக் கூடாது என்று முடிவு செய்தார்.

ஓசையைப் பற்றிய என் கவலையும் தேவையற்றதாக இருந்தது. லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டரின் ஓசை இயல்பாகவே மிக மெல்லியது. சந்தை இரைச்சலில் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. உரத்து ஒலித்தது ஷட்டர் அல்ல, குவியம் கிடைத்ததும் கேமரா எழுப்பும் ‘பீப்’ ஒலிதான். அதை ‘ஆடியோ சிக்னல்’ என்ற இடத்தில் அணைத்ததோடு வேலை முடிந்தது.

அன்றைக்கே இன்னொரு பிழையும் நடந்தது, அதற்கும் நானே காரணம். முந்தின நாள் அவர் வீட்டில் குடும்பப் படம் எடுத்தோம். அதற்காகப் பத்து நொடி டைமர் வைத்திருந்தேன். அந்த டைமரை அணைக்காமலே சந்தைக்கான அமைப்பை முதல் நினைவில் பதிந்துவிட்டேன். எம்ஆர் நினைவு நாம் எண்ணியதை மட்டும் பதிவதில்லை. பதியும் கணத்தில் கேமரா எந்த நிலையில் இருக்கிறதோ அதைத் திறப்பு, ஷட்டர் வேகம், ஜூம் இடம், டைமர் உட்பட அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறது. மாணிக்கமாலை கட்டும் ஒருவரின் விரல்களுக்கு நேராகக் கேமராவை நீட்டி அண்ணாச்சி அழுத்த, முகப்பில் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. மாலை கட்டுபவர் தலையை நிமிர்த்தாமலே, “என்ன அண்ணாச்சி, படம் இப்பம் விழுமா, இல்ல ஓணம் கழிஞ்சா?” என்று கேட்டார். டைமரை அணைத்த பிறகும், டயலைத் திருப்பி மீண்டும் எம்ஆருக்கு வந்தபோது டைமர் திரும்ப வந்துவிட்டது; பதிந்தது பதிந்ததுதான், மேலே செய்யும் மாற்றம் தற்காலிகமானது. பதியும் திரை, பதியப்போகும் அமைப்புகளை வரிசையாகக் காட்டுகிறது. அதைக் கடைசி வரை உருட்டி ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்த பிறகே பதிவது என்று அன்றைக்கு வழக்கம் வைத்துக்கொண்டோம்.

நிற்பவை, நடப்பவை

முதல் நாள் இடத்தின் பெயரால் மூன்று நினைவுகளைப் பதிந்ததை மேலே சொன்னேன். அது தவறு என்று உணர்த்தியதும் தோவாளைதான். சந்தைக்குள் நுழையும்போது குழல்விளக்கு, அரை மணி கழித்து விடியல், அதற்குப் பின் நேர் வெயில். ‘சந்தை’ என்று பதிந்த ஒரே அமைப்பு இந்த மூன்றுக்கும் எப்படிப் பொருந்தும்? அரண்மனையிலும் அப்படியே. மந்திரசாலையில் மைக்கா பதித்த சன்னல்கள் வழியே வரும் மங்கிய வெளிச்சத்துக்கும் வெளி முற்றத்து வெயிலுக்கும் இடையே சில எட்டுகள்தான். ஒளியை வைத்து நினைவைப் பிரித்தால் எத்தனை நினைவு இருந்தாலும் போதாது. ஒளியின் மாற்றத்தை, சென்சாரின் ஒளியுணர்வைக் கூட்டிக் குறைக்கும் ஐஎஸ்ஓ ஆட்டோ தானாகவே பார்த்துக்கொள்கிறது. தானாகச் சரியாகாமல் குறிப்பேட்டில் திரும்பத் திரும்ப வந்தவை அசைவும் குவியமும். இந்த இரண்டும் இடத்தைப் பொறுத்தவை அல்ல. எதிரே இருப்பது நிற்கிறதா நடக்கிறதா என்பதைப் பொறுத்தவை.

எனவே முதல் நினைவுக்கு ‘நடப்பவை’ என்று பெயர் வைத்தோம். அதில் பி முறை, ஐஎஸ்ஓ ஆட்டோவின் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/100, ஐஎஸ்ஓவின் மேல் எல்லை 6400, தொடர் குவியம், முகத்துக்கு முதலிடம். குறைந்தபட்ச வேகம் என்ற இந்த அமைப்பு பி, ஏ (திறப்பை நாம் வைக்க, வேகத்தைக் கேமரா தேர்வது) ஆகிய இரு முறைகளில் மட்டுமே செயல்படும். அது தரைமட்டம்தான், கூரை அல்ல. வெளிச்சம் ஏறி, ஐஎஸ்ஓ தன் அடிநிலையான 100-க்கு இறங்கிவிட்ட பிறகு, வேகம் தானாகவே உயரும். அதனால்தான் விளக்கொளியிலும் வெயிலிலும் ஒரே நினைவு போதுமானதாக இருக்கிறது.

இரண்டாவது நினைவு ‘நிற்பவை’. ஏ முறை, எஃப் 5.6, குறைந்தபட்ச வேகம் 1/30, ஒரு முறை மட்டும் பூட்டும் குவியம், நடுவில் ஒரே புள்ளி, ஜூம் 50 மி.மீ. இடத்தில். வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் பகல் வெளிச்சம் என்று நிலைநிறுத்தினோம். ஆட்டோவில் விட்டால் மேகம் மூடிய நாளில் தண்ணீரின் நிறம் ஒன்றாகவும் வெயில் நாளில் வேறாகவும் கேமரா தானே திருத்தி விடும், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் படத்தில் அது கூடாது. அரண்மனைக்குள் அவர் இதே நினைவை அழைத்து, வளையத்தால் 24-க்கு விரித்து, பின்புறச் சக்கரத்தால் திறப்பை எஃப் 2.8-க்குக் கொண்டுவந்து, கறுப்புத் தரைக்கு ஒரு நிறுத்தம் குறைத்துக்கொள்கிறார். அடுத்த முறை குளக்கரையில் அழைக்கும்போது எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும். வேலை முடிந்ததும் கருவியைப் பெட்டியில் அதனதன் குழியில் வைப்பதுபோல் இருக்கிறது என்றார். நினைவு என்பதன் பயனை நான் விளக்கியதைவிட அது தெளிவாக இருந்தது.

மூன்றாவது நினைவு காலியாக இருக்கிறது. அதில் எதையாவது வைக்க வேண்டும் என்று மகன் தொலைபேசியில் இரண்டு முறை சொன்னார். குறிப்பேட்டில் அதற்கான குறை எதுவும் வராததால் நாங்கள் வைக்கவில்லை.

எஃப்என் கட்டங்களில் இப்போது ஐந்துதான் நிரம்பியிருக்கின்றன: குவியப் பரப்பு, குவிய முறை, குறைந்தபட்ச ஷட்டர் வேகம், வெள்ளைச் சமநிலை, டைமர். மற்ற ஏழையும் ‘நாட் செட்’ என்று விட்டிருக்கிறோம். காலிக் கட்டம் வீணான இடம் என்று எனக்கு முன்பு தோன்றும்; பன்னிரண்டில் ஒன்றைத் தேடும் கண்ணுக்கும் ஐந்தில் ஒன்றைத் தேடும் கண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் முகத்தில் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. மை மெனுவில் முப்பது வரை வைக்கலாம் என்றாலும் ஒரு பக்கம் கொள்ளும் ஆறோடு நிறுத்திவிட்டோம். அவற்றில் கார்டை ஃபார்மேட் செய்வது, ஷட்டர் வகை, ஆடியோ சிக்னல் ஆகியவை அவர் உண்மையில் பயன்படுத்துபவை. சி பொத்தானுக்கு ஒரு வேலை கொடுத்தோம்: வெண்மை எல்லை மீறும் இடங்களில் வரிக்குதிரைக் கோடுகளைக் காட்டும் ‘ஸீப்ரா’வை எழுப்புவதும் அணைப்பதும். பிச்சிப்பூக் குவியலில் ஒளியைக் கூட்டும்போது எங்கே நிறுத்துவது என்பதற்கு அது நல்ல அளவுகோல். கோடு தோன்றியதும் ஒரு படி இறக்கிவிடலாம்.

எல்லாம் முடிந்த பிறகு, மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் என் கைப்பேசியில் படம் எடுத்து, அச்சிட்டு, குறிப்பேட்டின் கடைசித் தாள்களில் ஒட்டினோம். பேத்தியின் கை மீண்டும் பட்டு ஏதேனும் மாறினாலோ, ரீசெட் செய்ய நேர்ந்தாலோ, பார்த்துப் பார்த்துத் திரும்ப வைத்துக்கொள்ள அது போதும். மெனுவை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தன் சொல்லைப் பென்சிலால் எழுதியிருக்கிறார். குறைந்தபட்ச ஷட்டர் வேகத்துக்கு எதிரே ‘இதுக்குக் கீழே போகாதே’ என்றும், ஒளித் திருத்தத்துக்கு எதிரே ‘வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை’ என்றும் இருக்கிறது.

இப்போதைய நிலை

புரட்டாசிக்குப் பிறகு குறிப்பேட்டில் வரிகள் அரிதாகிவிட்டன. வந்தவற்றிலும் மெனுவைச் சார்ந்தவை இரண்டே. ஒன்று, குவியப் புள்ளி தொடுதிரையில் கட்டை விரல் பட்டு மூலைக்குப் போயிருந்தது, தொடுதலை அணைத்துவிட்டோம். மற்றொன்று மின்கலம். ஒரு முறை சார்ஜ் செய்தால் சுமார் 260 படம் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. கரையில் நின்று வியூஃபைண்டரில் மெனுவைப் புரட்டிக்கொண்டே இருந்தால் அதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. இன்னொரு மின்கலம் வாங்கிக்கொண்டார்.

ஐப்பசி முதல் வாரத்தில் மழை விட்டிருந்த ஒரு காலையில், பூதப்பாண்டிக்கு அருகே அவர் ஆவணியில் எடுத்திருந்த குளத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். மடையை ஒட்டிய கல்லில் அவரே சுண்ணாம்பால் இட்டிருந்த குறியில் நின்று, டயலை எம்ஆருக்குத் திருப்பி, இரண்டைத் தேர்ந்து, ஒரே படம் எடுத்தார், மெனுவைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு மாதப் படங்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது மடைக்கல்லும் எதிர்க்கரையும் மலை முகடும் அச்சாகப் பொருந்தின. தண்ணீர் மடையின் இரண்டாம் கல் வரை ஏறியிருந்தது. வலது ஓரத்தில் ஆவணியில் நின்ற பனையை ஐப்பசிப் படத்தில் காணவில்லை. காலையில் அந்தக் கரையில் முக்கால் மணி நேரம் நின்றிருந்தும் நாங்கள் இருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. அண்ணாச்சி குறிப்பேட்டை எடுத்து, இந்த முறை பின்பக்கத்திலிருந்து ஒரு புதிய தாளைத் திறந்து, குளத்தின் பெயரையும் தேதியையும் எழுதி, அதன் கீழே ‘தென்கிழக்கு மூலைப் பனை இல்லை’ என்று குறித்துக்கொண்டார்.